டவர் ஏறுகிறவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

செல்போன் டவரில் ஆன்டெனா மாட்டும் ரிக்கர் வேலையில் 18 வருஷமாக இருக்கிறேன். கேட்டவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணே, புதுசா சேர்ந்திருக்கேன். டவரில் மாட்டிக்கிற பாதுகாப்புக் கயிற்றுக்குக் கொக்கி ஒண்ணு போதாதா, ரெண்டு எதுக்கு?

ஒன்றுதான் என்றால், இடம் மாறும்போது அதைக் கழற்றித்தானே ஆக வேண்டும் தம்பி? அந்த இரண்டு விநாடியும் கையை மட்டும் நம்பி நிற்கிறாய். டவரின் ஈரமான இரும்புச் சட்டத்தில் ஷூ வழுக்கினால் கை தாங்காது. ஒரு கொக்கி பூட்டியதை இழுத்துப் பார்த்த பிறகுதான் மற்றதைக் கழற்ற வேண்டும். நேரம் கூடும்தான். நான் ஏறுவதைப் பார்த்துப் பசங்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இடுப்பு பெல்ட்தான் கொடுத்திருக்காங்க, சரியா?

சாய்ந்து நின்று வேலை பார்க்க சரி. விழும்போது பிடிக்க ஆகாது. மொத்த அதிர்ச்சியும் இடுப்பில் இறங்கும். உடம்பே பெல்ட்டிலிருந்து நழுவவும் கூடும். தோளையும் தொடையையும் சுற்றி வரும் ஃபுல் பாடி ஹார்னஸ் கேளுங்கள்.

கொக்கியைக் காலடியில் மாட்டலாமா?

கணக்குப் போடுவோம். கயிறு 2 மீட்டர், ஹார்னஸின் முதுகில் கயிறு கோர்க்கும் வளையம் காலுக்கு மேல் ஒன்றரை மீட்டர். காலடியில் மாட்டினால் கயிறு இறுகுவதற்குள் 3.5 மீட்டர் விழுந்திருப்பீர்கள். தலைக்கு மேல் நன்றாக எட்டி மாட்டினால் ஒன்றரை மீட்டருக்குள்தான். அப்புறம் ஷாக் அப்சார்பர், அதாவது அதிர்ச்சியை வாங்க கயிற்றோடு மடித்துத் தைத்திருக்கும் பட்டை, கிழிந்து விரியும், அதற்கும் கீழே இடம் வேண்டும். அது விரிவதால்தான் உடம்பில் ஏறும் விசை 6 கிலோ நியூட்டனுக்குள் நிற்கிறது. ஏறக்குறைய 600 கிலோ பாரம். ஒருமுறை விரிந்ததைத் திரும்பச் சுருட்டி மாட்டுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். குப்பையில் போடுங்கள்.

ஸ்பேனரைக் கயிற்றில் கட்டணுமா?

40 மீட்டரிலிருந்து விழுந்தால் தரைக்கு வரும்போது மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம். கட்டுங்கள்.

இடி இடிச்சா?

இறங்குங்கள். சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கிக்கொள்ளலாம்.

என் வீட்டுக்காரர் டவர் வேலைக்குப் போறார். ஹார்னஸில் தொங்கிட்டா உயிர் தப்பின மாதிரிதானே?

இல்லை அம்மா. அசையாமல் தொங்கினால் ரத்தம் காலில் தேங்கி, சில நிமிஷத்திலேயே மயக்கம் வரலாம். அப்படியே விட்டால் உயிருக்கே ஆபத்து. 108-க்குக் கட்டாயம் போன் போட வேண்டும். ஆனால் ஆம்புலன்ஸ்காரர் டவர் ஏறி இறக்க மாட்டார். கூட இருப்பவர்தான் இறக்க வேண்டும். அதனால் இன்று வீட்டுக்கு வந்ததும் அவரிடம் கேளுங்கள்: கீழே நிற்பது யார், அவருக்கு ஏறத் தெரியுமா, மீட்புக் கயிறு வண்டியில் இருக்கிறதா?