கொறடா உத்தரவு எதுவரை?

கேள்வி: ‘இந்த மசோதா நம்ம பகுதி விவசாயிகளுக்குப் பாதகம்தான். ஆனால், கொறடா உத்தரவு வந்துவிட்டதே, நான் என்ன செய்ய?’ என்று கைவிரிக்கிறார் எங்கள் எம்.எல்.ஏ. அவர் சொல்வது சரியா?
– டெல்டா மாவட்ட வாசகர்

பதில்: பாதிதான் சரி. 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம், அதாவது அரசமைப்பின் பத்தாவது அட்டவணை, கொறடாவுக்கு (அவையில் எப்படி வாக்களிப்பது என்று தன் கட்சி உறுப்பினர்களுக்கு உத்தரவிடுபவர்) கொடுப்பது வாக்கின் மீதான பிடி. உத்தரவை மீறி வாக்களித்தாலும், வாக்களிக்காமல் ஒதுங்கினாலும் பதவி போகலாம். விவாதத்தில் எழுந்து, எந்தப் பிரிவு எந்த ஊர்ப் பாசனத்தைக் கெடுக்கும் என்று பேசுவதை அந்த உத்தரவு தொடுவதில்லை. அவையில் பேசியதற்காக வழக்குத் தொடரவும் முடியாது. அரசமைப்பின் 194-ஆவது பிரிவு பாதுகாக்கிறது.

வாக்கிலும்கூட வழி இருக்கிறது. வாக்கெடுப்புக்கு முன்பே கட்சியிடம் அனுமதி பெற்று விலகி நிற்கலாம். அனுமதி இல்லாமல் மீறியிருந்தாலும், 15 நாட்களுக்குள் கட்சி மன்னித்துவிட்டால் பதவி தப்பும். நம்பிக்கை வாக்கெடுப்பு, தேர்தலில் முன்வைத்த அடிப்படைக் கொள்கை ஆகியவற்றோடு இந்தக் கட்டாயம் நிற்க வேண்டும் என்று 1992-இல் கிஹோட்டோ ஹோலோஹன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கட்சிகள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. இது பெரிய அநியாயம்.

அவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: அனுமதி கேட்டுக் கடிதம் கொடுத்தீர்களா? அவையில் என்ன பேசினீர்கள்? பேச்சு அவைக் குறிப்பில் பதிவாகும். வாக்கு அப்படியல்ல. குரல் வாக்கெடுப்பில் ‘ஆம்’ என்றவர் யார், ‘இல்லை’ என்றவர் யார் என்று பெயர் பதிவதில்லை.

கேள்வி: வாக்கில்தான் பிடி என்றால், 2017-இல் ஆளுநரிடம் கடிதம் கொடுத்த அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்கள் 18 பேர் எப்படிப் பதவி இழந்தார்கள்?
– மதுரை வாசகர்

பதில்: அவர்கள் மீது பாய்ந்தது இன்னொரு உட்பிரிவு: தாமாகவே கட்சி உறுப்பினர் நிலையைக் கைவிடுதல். அதற்கு ராஜினாமா தேவையில்லை, நடத்தையை வைத்தே முடிவுக்கு வரலாம் என்று 1994-இல் ரவி நாயக் வழக்கில் தீர்ப்பு வந்திருந்தது. முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்ற கடிதத்தைக் காட்டி, பேரவைத் தலைவர் தனபால் செப்டம்பர் 18 அன்று தகுதி நீக்கம் செய்தார். 2018 அக்டோபரில் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

ஆனால், 2017 பிப்ரவரி 18 நம்பிக்கை வாக்கெடுப்பில் எதிர்த்தே வாக்களித்த அதே கட்சியின் 11 எம்.எல்.ஏ.க்களின் பதவி போகவில்லை. முடிவெடுப்பவர் பேரவைத் தலைவர். எத்தனை நாளில் முடிவெடுக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2020-இல்தான், மணிப்பூர் வழக்கில், உச்ச நீதிமன்றம் சொன்னது. இதில் தண்டனை அனுபவித்தது வாக்காளர்கள்தான். 2019 இடைத்தேர்தல் வரை, ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக, குடிநீர் வரவில்லை என்று மனு கொடுக்கக்கூட அந்த 18 தொகுதிகளில் எம்.எல்.ஏ. இல்லை.

கேள்வி: கட்சி மாறிய பேரூராட்சிக் கவுன்சிலர் மீதும் இந்தச் சட்டம் பாயுமா?
– ஈரோடு வாசகர்

பதில்: பாயாது. பத்தாவது அட்டவணை நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றங்களுக்கும் மட்டும். கேரளத்தில் உள்ளாட்சிகளுக்கென்றே 1999-இல் தனிச் சட்டம் போட்டார்கள்.