தப்பு பண்ணினவன் தன் மேலயே இரக்கப்படலாமா?

வணக்கம் அக்கா,

எனக்கு 31 வயசு, திருநெல்வேலி பக்கம். மூணு வருஷமா பைபோலாருக்கு, அதாவது மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்குற நோய்க்கு, லித்தியம் மாத்திரை எடுக்கறேன். போன வருஷம் நடுவுல மாத்திரைய விட்டு மேனியா (மனசு கட்டுக்கடங்காம உச்சத்துல ஓடுற நிலை) வந்தப்ப, அம்மா நகைய அடகு வச்சு ஒரு கடைக்கு அட்வான்ஸ் குடுத்துட்டேன், தடுக்க வந்த சித்தப்பாவ தெருவுல வச்சு அசிங்கமா பேசிட்டேன். இப்ப நிதானமாத்தான் இருக்கேன், ஆனா ராத்திரி படுத்தா அதுவேதான் ஓடுது. கவுன்சிலர் செல்ஃப் கம்பேஷன் தெரபி செய்யலாம்ங்கறாங்க. பண்ணின தப்புக்கு என் மேல நானே இரக்கப்பட்டா அது தப்பிச்சுக்கறது இல்லையா?

(பேர் வேண்டாம்)

தம்பி,

இதே கேள்விய எங்க அண்ணனும் கேட்டாரு. அவருக்கும் பைபோலார். மேனியா அடங்கினதும் ஒரு பாக்கெட் நோட்டு போட்டாரு, நடுராத்திரி யாருக்கு போன் பண்ணினேன், யாரத் திட்டினேன், யார்கிட்ட எவ்வளவு வாங்கினேன்னு பேர் பேரா எழுதி, ஒவ்வொரு பேருக்கும் கீழ ரெண்டு கோடு, பேனாவ அழுத்தின அழுத்துல தாளோட பின்பக்கம் புடைச்சிருக்கும். தினம் எடுத்துப் படிப்பாரு, ஆனா ஒருத்தர் வீட்டுக்கும் போகல. மாத்திரைய பாத்தாலே நோட்டு ஞாபகம் வருதுன்னு அதையும் தள்ளிப்போட ஆரம்பிச்சாரு. தன்னையே திட்டிக்கறது பொறுப்பு மாதிரி தெரியும் தம்பி, ஆனா அதனால எங்க வீட்ல ஒரு ரூபா கடன் அடையல.

பால் கில்பர்ட்னு ஒரு பிரிட்டிஷ் உளவியலாளர், தன்னையே ஓயாம குத்தம் சொல்றவங்களுக்காக இந்த மாதிரி ஒரு தெரபிய உருவாக்கினாரு. மனசுல ஆபத்துன்னு பதறுறது, வேணும்னு ஓடுறது, ஆறுதலா அடங்குறதுன்னு மூணு இருக்குங்கறாரு. நான் புரிஞ்சுக்கிட்ட வரைக்கும், மேனியால அந்த ஓடுறது தறிகெட்டுப் போகுது, அப்புறம் பதறுறது நம்மளையே கடிக்குது, மூணாவத யாரும் நமக்கு பழக்கியே விடல. மூச்ச மெதுவாக்கறதுல இருந்து அதைத்தான் பழக்கறாங்க. 2003-ல செல்ஃப் கம்பேஷன் பத்தி எழுதின கிறிஸ்டின் நெஃப், இது எனக்கு மட்டும் நடந்த கேவலம் இல்லன்னு உணர்றதும் அதுல ஒரு பகுதிங்கறாங்க. 2015-16 தேசிய மனநல சர்வே கணக்குப்படி நம்ம நாட்ல 200 பேர்ல ஒருத்தருக்கு வாழ்நாள்ல பைபோலார் வருது, ஒரு கல்யாண மண்டபம் நெறஞ்சா அதுலயே ரெண்டு மூணு பேர்.

அண்ணனோட கவுன்சிலர் கேட்டது ஒண்ணுதான், இதே நோட்ட உங்க கூட்டாளி கொண்டாந்து நீட்டினா என்ன சொல்வீங்க? அண்ணன் ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "டேய், அப்ப உனக்கு உடம்பு சரியில்லடா, வா, நானும் வரேன், சேந்து போய் பேசிட்டு வரலாம்" அப்படின்னாராம். அவர் போக வேண்டாம்னு சொல்லல பாத்தீங்களா. அடுத்த ஞாயித்துக்கிழமையே முதல் பேர் வீட்டுக்குப் போனாரு, நான் வாசல்ல செருப்புகிட்டயே நின்னேன்.

ஆரம்பத்துல அழுகையா வரும், சிலருக்கு பயமாக்கூட இருக்கும், அத கவுன்சிலர்கிட்ட சொல்லிட்டு மெதுவா போங்க. இது மாத்திரைக்கு பதில் கிடையாது. தூக்கமே இல்லாம உங்க மேல உங்களுக்கு பாசம் பொங்குச்சுன்னா அது இந்த தெரபி வேலை செய்யறதா நெனச்சுடாதீங்க, மேனியா திரும்பறதா இருக்கலாம், அன்னிக்கே டாக்டர பாருங்க. ராத்திரி உசுர விட்டுடலாம்னு தோணினா விடியட்டும்னு இருக்காதீங்க, அம்மாவ எழுப்புங்க, அரசாங்கத்தோட மனநல உதவி எண் 14416 டெலி மானஸுக்கு போன் போடுங்க, எந்த நேரமும் எடுப்பாங்க, காசு கிடையாது.

சித்தப்பாவ பாக்கப் போறப்ப தனியா போகாதீங்க, அம்மாவ கூட்டிட்டுப் போங்க. அப்புறம் லித்தியம் லெவல், தைராய்டு, கிட்னி டெஸ்ட் எல்லாம் கடைசியா எப்ப எடுத்தீங்கன்னு எழுதவே இல்லையே, அதையும் எழுதுங்க.

அக்கா