கேள்வி-பதில்: முள் வைத்த ஓட்டு அமீபா புதிய சிற்றினமா?

கேள்வி: வால்பாறையில் ஒரு மரத்தடியில் எடுத்த பாசி மண்ணைக் கல்லூரி நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஓட்டின் விளிம்பில் முட்கள் நீட்டிய ஓட்டு அமீபா (தன்னைச் சுற்றி ஓடு அமைத்துக்கொள்ளும் ஒற்றைச் செல் உயிர்) ஒன்று தென்பட்டது. எங்கள் நூலகப் புத்தகத்தில் உள்ள எந்தப் படத்தோடும் அது பொருந்தவில்லை. இதைப் புதிய சிற்றினம் என்று அறிவிக்கலாமா?
– விலங்கியல் மாணவி, பொள்ளாச்சி

பதில்: இப்போதைக்கு அறிவிக்க இயலாது. முள்ளை மட்டும் நம்ப வேண்டாம். சென்ட்ரோபிக்சிஸ் அகுலேட்டா என்னும், முன்பே அறியப்பட்ட ஓட்டு அமீபாச் சிற்றினத்திலேயே முட்களின் எண்ணிக்கை ஓட்டுக்கு ஓடு மாறுபடும்.

முதலில், ஓடு எதனால் ஆனது என்று பாருங்கள். யூக்ளிஃபா என்ற ஓட்டு அமீபாப் பேரினம் சிலிக்காத் தகடுகளைத் தன் உடலுக்குள்ளேயே உருவாக்கி, பிளவுறும்போது அவற்றை வாய்த்துளை (ஓட்டின் திறப்பு) வழியே வெளியேற்றி, வாயோடு வாய் பொருந்திய நிலையில் சேய்க்கு ஓடு அமைக்கிறது. ஆகவே அதன் தகட்டின் வடிவமும் அடுக்கும் மரபுவழி வருபவை, வகைப்பாட்டுக்குப் பெரிதும் உதவுபவை. சென்ட்ரோபிக்சிஸோ சுற்றியுள்ள மண்துகள்களைப் பொறுக்கி ஒட்டிக்கொள்கிறது. கொத்தனார் கையில் கிடைத்த கல்லுக்கேற்பச் சுவரின் முகம் மாறுவதுபோல, வால்பாறைக் காட்டு மண்ணில் ஒரு தோற்றத்தோடும் பல்லடத்துச் செம்மண்ணில் வேறொரு தோற்றத்தோடும் ஒரே சிற்றினம் இருக்கலாம். இவ்வகையில் மேற்பரப்பைவிட வாய்த்துளையின் வடிவம், அது அடிப்பக்கத்தில் எவ்வளவு உள்தள்ளி இருக்கிறது, ஓட்டின் தட்டைத்தன்மை ஆகியவையே மேலான சான்றுகள். ஆனால் மண்துகள்களிடையே உள்ள மெல்லிய நீர்ப்படலத்தில் வாழ்பவை பொதுவாகவே சிறியவை, தட்டையானவை என்பதால் தட்டைத்தன்மையையும் தனித்த சான்றாகக் கொள்ளலாகாது.

எனவே ஒரே இடத்திலிருந்து இயன்ற அளவு அதிகமான ஓடுகளின் நீளம், அகலம், உயரம், வாய்த்துளை அளவு ஆகியவற்றை மைக்ரானில் குறித்துக்கொள்ளுங்கள். தெரிந்த சிற்றினத்துக்கும் உங்களுடையதற்கும் நடுவே இடைநிலை ஓடுகள் வரிசையாகக் கிடைத்தால், புதுமை என்ற எண்ணத்தைக் கைவிடுவதே நேர்மை. இடைவெளி நிலைத்தால், ஓட்டு அமீபாக்களை ஆராய்ந்த ஜோசப் லெய்டி 1879-இலும் யூஜின் பெனார் 1902-இலும் வெளியிட்ட நூல்கள் தொடங்கிப் பழைய விவரிப்புகளைத் தேட வேண்டும். என் கருத்தில் இந்த வேலையின் பெரும்பகுதி நூலகத்தில்தான் நடக்கிறது.

தோற்றம் ஒத்திருந்தும் மரபணுவில் பிரிந்து நிற்பவையும் உண்டு. ஹயலோஸ்பீனியா பாப்பிலியோ என்ற ஓட்டு அமீபாவின் ஒற்றைப் பெயருக்குள் பல தனித்த மரபு வழிகள் ஒளிந்திருப்பதை மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள, சிற்றினங்களைப் பிரித்தறியப் பயன்படும் சிஓஐ (COI) மரபணு காட்டியது. இந்தச் சோதனைக்கு உள்ளே உயிருள்ள செல் வேண்டும். வெற்று ஓடு உதவாது. ஆகையால் மழைக்குப் பின் அதே மரத்தடியில் மீண்டும் மண் எடுத்து, ஒரு பகுதியைப் பதப்படுத்தும் ஃபார்மலின் சேர்க்காமல் ஈரமாகவே வைத்திருங்கள்.