சுபேதார் சுப்பிரமணியனுக்கு ஏன் விக்டோரியா குரோஸ் வழங்கப்படவில்லை?

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் தமிழ்ப் படைவீரர் எவரேனும் உயரிய வீரப் பதக்கம் பெற்றாரா? பெற்றிருந்தால், அது ஏன் பிரித்தானியாவின் விக்டோரியா குரோஸ் என்ற பதக்கம் அல்ல?

கண்டியிலுள்ள போர் மயானத்துக்கு மாணவர்களை அழைத்துச் சென்றிருந்தபோது, பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வரும் தரம் 9 மாணவன் ஒருவன் கல்லறைகளின் வரிசையை நெடுநேரம் பார்த்துவிட்டு, "எங்க ஆளுங்க யாரும் அந்தச் சண்டையில பெரிய பதக்கம் வாங்கலையா, சேர்?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்ன பெயரையே இங்கும் சொல்கிறேன்: சுபேதார் சுப்பிரமணியன்.

செங்கல்பட்டு மாவட்டத்துக் கீழ் ஒட்டிவாக்கத்தில் பிறந்த அவர், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியியல் படைப்பிரிவில் பணியாற்றினார். இந்தியப் படையில் அப்பிரிவினரை இன்றும் "தம்பி" என்றே அழைக்கிறார்கள். பாலம் அமைப்பதும் பாதை போடுவதும் கண்ணிவெடி அகற்றுவதும் அவர்களது வேலை. காதில் மாட்டிய கருவியின் ஓசை எங்கே மாறுகிறது என்று கேட்டபடி அடிமேல் அடி வைத்து முன்னேறி, மாறிய இடத்தில் முழங்காலிட்டு, துப்பாக்கி முனையில் பொருத்தும் கத்தியைச் சரிவாக மண்ணுக்குள் செலுத்தி, அதன் முனையில் உலோகம் தட்டுப்படுகிறதா என்று கையாலேயே அறிய வேண்டும். தேடி முடித்த பாதையின் ஓரங்களில் வெள்ளை நாடா விரிப்பார்கள். அந்த நாடாவை நம்பித்தான் பின்னால் வருபவர்கள் கால் வைப்பார்கள்.

1944 பெப்ரவரியில் இந்தியாவின் 4ஆவது டிவிஷன் இத்தாலியின் மொண்டே கசீனோவில் போரிட்டுக்கொண்டிருந்தது. அங்கிருந்த மலையுச்சி மடாலயம் குண்டுவீச்சில் தகர்ந்து ஒன்பது நாட்கள் கழிந்த பின், 24ஆந் திகதி, அதற்குத் தெற்கேயுள்ள மிஞ்ஞானோ என்ற ஊரருகே, கண்ணிவெடி நிறைந்த நிலத்தில் சுப்பிரமணியனின் குழு நின்றிருந்தபோது வெடியொன்று தூண்டப்பட்டுவிட்டது. அது வெடிப்பதற்கு இருந்த சில நொடிகளில் அவர் அதன்மேல் பாய்ந்து தன் உடலால் மூடிக்கொண்டார். அவர் இறந்தார், உடனிருந்தோர் உயிர் தப்பினர்.

இதனை ஆவேசத்தில் செய்த செயல் என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கண்ணிவெடிகளோடு பழகிய ஒரு சுபேதாருக்கு, அடுத்த கணம் என்ன நிகழும் என்பது அங்கிருந்த எவரையும்விட நன்றாகத் தெரிந்திருக்கும்.

அவருக்கு, இறப்பின் பின், ஜோர்ஜ் குரோஸ் வழங்கப்பட்டது. விக்டோரியா குரோஸ் எதிரியின் முன்னிலையில் காட்டிய வீரத்துக்கு உரியது. மண்ணில் புதைந்த வெடியை எதிரியே வைத்திருந்தாலும், அவ்வேளையில் எதிரே நின்று சுடுபவர் இல்லையென்றால் அது அந்த வரையறைக்குள் அடங்குவதில்லை. ஜேர்மானியக் குண்டுகள் இலண்டன் மீது விழுந்துகொண்டிருந்த 1940 செப்டெம்பரில், அத்தகைய துணிவுக்கென்றே, படையினருக்கும் குடிமக்களுக்கும் பொதுவாக, ஜோர்ஜ் குரோஸ் நிறுவப்பட்டது. 1942இல் மால்டா தீவு முழுவதற்கும் அது வழங்கப்பட்டதுண்டு. ஆகவே அதை இரண்டாந்தரப் பதக்கமாகக் கருதுவது தவறு. அடர்நீல நாடாவில் தொங்கும் அந்த வெள்ளிச் சிலுவையின் பின்புறத்தில் பெற்றவரின் பெயர் பொறிக்கப்படும்.

அந்த மாணவன் கொப்பியை எடுத்துச் "சுப்பிரமணியன்" என்று உடனே எழுதிவிட்டான். மிஞ்ஞானோ என்பதை எப்படி எழுதுவது என்று கேட்டான். மயான வாசலில் நின்று எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.