ஃபார்மகோக்னசியில் (இயற்கையிலிருந்து கிடைக்கும் மருந்துச் சரக்குகளைப் படிக்கும் பாடம்) ஒரே மருந்துச் சரக்கை ஏன் இத்தனை விதமாகப் பிரிக்கிறார்கள்? எந்த முறை சரி?

நீங்கள் பி.ஃபார்ம் நான்காவது செமஸ்டர் என்கிறீர்கள். நான் அதே பாடத்தின் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) விளக்கெண்ணெயை ‘விதை’ வகையில் சேர்த்துவிட்டு முழித்தவன். ஆமணக்கு விதையிலிருந்து வந்தாலும் எண்ணெயில் செல் அமைப்பு கிடையாது. உருவ முறையில், அதாவது தாவரத்தின் எந்தப் பகுதி, செல் அமைப்பு உண்டா என்று பார்த்துப் பிரிக்கும் முறையில், அது தனிக் கூட்டம்.

அன்றிலிருந்து மனப்பாடத்தை விட்டுவிட்டு, சென்னா இலை, இசப்கோல், விளக்கெண்ணெய், கரியபோளம் (வற்றவைத்த கற்றாழைச் சாறு) ஆகிய நான்கையும் ஒவ்வொரு முறையிலும் எங்கே போய் உட்காருகின்றன என்று எழுதிப் பார்க்க ஆரம்பித்தேன்.

உடலில் என்ன செய்கிறது என்று பார்த்துப் பிரிக்கும் செயல் முறையில் நான்கும் ஒரே வீடு: மலமிளக்கி. ஆனால் இசப்கோல் தண்ணீரை உறிஞ்சி உப்பி வேலை செய்கிறது, சென்னா பெருங்குடலைத் தூண்டுகிறது. இந்த வித்தியாசத்தைச் சொல்வது, உள்ளே இருக்கும் முக்கிய வேதிப்பொருளை வைத்துப் பிரிக்கும் வேதியியல் முறைதான். சென்னாவும் கரியபோளமும் ஆந்த்ராகுவினோன் கிளைகோசைடு (சர்க்கரையோடு இணைந்த ஆந்த்ராகுவினோன் என்ற வேதிப்பொருள்), இசப்கோல் மியூசிலேஜ் (வழவழப்பான பசை), விளக்கெண்ணெய் லிப்பிட் (கொழுப்பு வகை). செயல் முறையில் இன்னொரு தலைவலியும் உண்டு. சின்கோனா பட்டையில் மலேரியாவுக்கான குயினைனும் இருக்கிறது, இதயத் துடிப்பைச் சீராக்கும் குயினிடினும் இருக்கிறது. எந்த அறையில் வைப்பீர்கள்?

உருவ முறையின் அருமை மைக்ரோஸ்கோப்பில் தெரியும். சென்னா தூளில் சொரசொரப்பான ஒற்றைச் செல் தூவிகளும் இலைத்துளைகளும் கண்ணில் படும். (நம் திருநெல்வேலியின் பெயரைத் தாங்கி ‘டின்னவெல்லி சென்னா’ என்று விற்கும் சரக்கு இதுதான்.) கரியபோளத்தில் எவ்வளவு தேடினாலும் செல் கிடைக்காது. அதற்கு, ஆந்த்ராகுவினோனைக் காட்டிக்கொடுக்கும், ஃபெரிக் குளோரைடு சேர்த்த போர்ன்ட்ரேகர் சோதனை செய்து, அம்மோனியா அடுக்கு சிவக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தாவரக் குடும்பத்தை வைத்துப் பிரிக்கும் குடும்ப முறை சில இடங்களில் பிரமாதம். ஊமத்தை, பெல்லடோனா இரண்டும் ஒரே குடும்பம், இரண்டிலும் ட்ரோபேன் ஆல்கலாய்டு என்ற ஒரே வகை வேதிப்பொருள். ஆனால் தக்காளியும் அதே குடும்பம்தான்! குடும்பம் ஒன்று என்பதற்காக மருந்துச் செயலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

சரி, விலங்குச் சரக்கு? காட் மீன் ஈரல் எண்ணெயைக் குடும்ப முறையில் ஆமணக்கின் பக்கத்தில் கொண்டுவரவே முடியாது. வேதியியல் முறையில் இரண்டும் லிப்பிட், அடுத்தடுத்த நாற்காலி. தேன்மெழுகும் ஆட்டு ரோமத்து லனோலினும் அங்கேயே வந்துவிடும். அதனால்தான் என் ஓட்டு வேதியியலுக்கு. ஆனால் பரிட்சையில் எல்லா முறைகளையும் எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு விலங்குச் சரக்கையாவது உதாரணம் காட்டுங்கள், பலரும் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

அகரவரிசை முறை ஃபார்மகோபியாவில் (மருந்துகளின் தர நூலில்) தேடவும் ஆய்வகத்தில் டப்பா அடுக்கவும் உதவும், அவ்வளவுதான்.