பொறுப்பான பிள்ளை என்று சொல்லிவிட்டுப் போய்விடாதீர்கள்

கேள்வி: அண்ணாச்சி, பாபநாசம் மலையில் காரையாறு பக்கம் காணிக்காரர் பழங்குடிக் குடியிருப்பு ஒன்றில் வாரம் இரண்டு நாள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து பாதி நாள்தான் பள்ளிக்கூடம் போகிறாள். அப்பா இல்லை, ஆச்சிக்குக் கண் தெரியாது. நோட்டைத் திறந்தாலே தைல வாசம். எல்லாரும் 'பொறுப்பான பிள்ளை' என்கிறார்கள். ஹாஸ்டலில் சேர்த்துவிடலாமா?
- பெயர் வேண்டாம், விக்கிரமசிங்கபுரம்

பதில்: தங்கச்சி, ஹாஸ்டல் பேச்சை இப்போதைக்கு எடுக்காதீர்கள். அவள் போய்விட்டால் அம்மாவை யார் புரட்டிப் படுக்கவைப்பது? அந்த நினைப்பிலேயே நாலாம் நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள், அப்புறம் 'இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது' என்று ஒரு பெயர் வேறு. மலைக்கு உதவி கொண்டுபோகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் நோட்டும் போர்வையும் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அந்த வீட்டு வேலையில் ஒரு மணி நேரத்தைக்கூட யாரும் தன் தலையில் வாங்கிக்கொள்வதில்லை.

முதலில் கிராம சுகாதாரச் செவிலியரைப் பிடியுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வர வேண்டும். காடு, செக்போஸ்ட் என்று காரணம் சொல்வார்கள். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஜில்லாவே அந்த வழியாகப் போய்க் குடில் போட்டுத் தங்குகிறதே, ஒரு பிசியோதெரபிஸ்ட் போக முடியாதா?

அடுத்து அம்மாவுக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. பாதிப்பு கடுமையானது என்று மருத்துவர் எழுதினால் மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு மனுப் போடலாம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பராமரிப்பாளர் என்றால் சம்பளம் வாங்காமல் பார்த்துக்கொள்கிற வீட்டு ஆளும் சேர்த்திதான். பிள்ளைக்கு மிஷன் வாத்சல்யா என்கிற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் மாதம் 4000 ரூபாய் கேட்கலாம். பெற்றோரால் கவனிக்க முடியாத நிலை, கிராமத்தில் வருட வருமானம் 72,000-க்குள் என்பது கணக்கு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள், இழுத்தடித்தால் திங்கட்கிழமை கொக்கிரகுளத்தில் கலெக்டர் கையிலேயே மனுவைக் கொடுங்கள்.

பழங்குடிச் சான்றிதழ் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அதைத் தாசில்தார் தர முடியாது, சேரன்மகாதேவி சார் ஆட்சியர்தான் தர வேண்டும். ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போகும் என்பதால்தான் பலர் வாங்காமலே இருந்துவிடுகிறார்கள். நாலு குடும்பத்தைச் சேர்த்துக் கூட்டிப்போனால் செலவு குறையும், காலேஜ் படித்த காணிப் பையன் ஒருவன் கூட வந்தால் ஃபாரம் நிரப்பவும் அவர்கள் பேச்சிலேயே விளக்கவும் ஆச்சு.

குடியிருப்புத் தலைவர் மூட்டுக்காணியிடம் பேசி, காலையில் ஒரு மணி நேரம் அந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ள பக்கத்து வீட்டுப் பெண்களை முறை வைக்கச் சொல்லுங்கள். உங்கள் வகுப்பை அவள் வீட்டுத் திண்ணைக்கே மாற்றிவிடுங்கள்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். இவ்வளவு எழுதினீர்களே, அந்தப் பிள்ளை என்ன சொன்னாள் என்று ஒரு வரிகூட இல்லையே, அவளிடம் கேட்டீர்களா?

கேள்வி: ஜங்ஷனில் பாசிமணி விற்கிற நரிக்குறவர் வீட்டுப் பெண்பிள்ளை, கைக்குழந்தைத் தம்பியைச் சுமந்துகொண்டு நாள் முழுக்க நிற்கிறாள். என்ன செய்யலாம் அண்ணாச்சி?
- பேட்டை வாசகர்

பதில்: தம்பிக்கு அங்கன்வாடி, அக்காவுக்குப் பள்ளிக்கூடம், தம்பிக்கு இடம் கிடைக்காமல் அக்கா நகர மாட்டாள், அதனால் அங்கன்வாடியில் தொடங்குங்கள். பெற்றோரிடம் பழைய எம்.பி.சி. சான்றிதழ்தான் இருக்கும். 2023 ஜனவரியிலிருந்து நரிக்குறவர்கள் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள், புதிதாக வாங்கச் சொல்லுங்கள். காசு கொடுக்கிறதாக இருந்தால் ஒரு மாலை வாங்கிவிட்டுக் கொடுங்கள்.