மணல் சரியும் குழிக்குக் கெமிக்கல் கிரவுட் சரிவருமா?

கேள்வி: களுவாஞ்சிகுடியில் எங்கள் வளவுக்குள் 5 மீற்றர் நீளத்தில் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி கட்டக் குழி வெட்டுகிறோம். 2.2 மீற்றர் ஆழம் வேண்டும். ஒரு மீற்றரிலேயே தண்ணீர் ஊறி மணல் சரிகிறது. பக்கத்து வளவு மதில் 1.2 மீற்றர் தள்ளி நிற்கிறது. மேசன் குழாய் இறக்கிச் சீமெந்துப் பால் செலுத்தினார். அது குழாயைச் சுற்றி மேலே வந்துவிட்டது. இனி கெமிக்கல் கிரவுட்தான் (மணலுக்குள் செலுத்தி உறையவைக்கும் இரசாயனக் கரைசல்) என்கிறார்கள். எங்கள் கிணறு 7 மீற்றர் தள்ளி இருக்கிறது. செய்யலாமா?

பதில்: செய்யலாம், ஆனால் மதில் பக்கம் மட்டும். அங்கேயும் அது மணலைப் பிடித்து நிறுத்தத்தான். தண்ணீர் மற்ற மூன்று பக்கத்தாலும் அடியாலும் வந்துகொண்டே இருக்கும்.

சாதாரண சீமெந்துத் துகளில் பெரியவை 0.1 மில்லிமீற்றர் வரை இருக்கும். கடலோர நுண்மணலின் இடைவெளி அதைவிடச் சிறியது. குழாய் வாயிலேயே சீமெந்து வடிபட்டு அடைத்துக்கொள்ள, அழுத்தம் மேல்நோக்கி வழி தேடும். துகளே இல்லாத, கிட்டத்தட்ட நீர் போல ஓடும் கரைசல்தான் அந்த இடைவெளிக்குள் நுழைந்து பிறகு கூழாக உறையும். அதற்கும் மணல் சுத்தமாக இருக்க வேண்டும். கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மணலும் மிச்சம் தண்ணீரும் விட்டுக் குலுக்கி வையுங்கள். மணல் உடனே அடியில் தங்கும். வண்டல் மெதுவாக அதன் மேல் படியும். படிந்த மொத்த உயரத்தில் வண்டல் படை பத்தில் ஒன்றுக்குள் என்றால் நல்லது. ஐந்தில் ஒன்றைத் தாண்டினால் காசை வீணாக்க வேண்டாம். வாவிக்குக் கிழக்கே கடலோரமான எழுவான்கரை மணலில் பலிக்கும் இந்த வேலை, வாவிக்கு மேற்கே படுவான்கரைக் களியில் பலிக்காது.

கிணறு பக்கத்தில் இருப்பதால் எதைச் செலுத்துவது என்பதை முதலில் தீர்மானியுங்கள். மிக நன்றாக ஊடுருவுவது அக்ரிலமைட்டுதான். உறையாமல் மிஞ்சினால் அது நரம்பு நஞ்சு. 1974இல் ஜப்பானில் கிணற்றுக்கு அருகே செலுத்தியது கிணற்று நீரில் கலந்து ஒரு குடும்பமே பாதிக்கப்பட்டது. 1997இல் சுவீடனின் ஹல்லண்ட்சோஸ் சுரங்கத்தில் அதே வகைக் கரைசல் கசிந்து மாடுகள் முடங்கின, மீன்கள் செத்தன. மலிவாகக் கிடைத்தாலும் வளவுக்குள் விடாதீர்கள். பொலியூரித்தேன் நுரை, பின்னாளில் தொட்டிச் சுவர் மூட்டில் கசிவு வந்தால் உதவும். உங்களுக்குப் பொருந்துவது சோடியம் சிலிக்கேட்டு, எஸ்டர் உறைவிப்பானுடன். அப்பச்சோடா கலந்தும் உறையவைக்கலாம், ஆனால் அந்தக் கூழுக்குப் பலமில்லை.

குழி விளிம்புக்கு வெளியே 40 சென்ரிமீற்றரில், அரை மீற்றருக்கு ஒன்றாக, 6 மீற்றர் நீளத்துக்கு 13 துளைகள். முனை கூராக்கிய முக்கால் அங்குல ஜீ.ஐ. குழாயின் கடைசி 30 சென்ரிமீற்றரில் 3 மில்லிமீற்றர் ஓட்டைகள் போட்டு, மணல் புகாமல் சைக்கிள் டியூப் சுற்றிக்கொள்ளுங்கள். 3 மீற்றர் ஆழத்துக்கு அடித்து இறக்கி, 30 சென்ரிமீற்றர் மேலே இழுக்கும் ஒவ்வொரு முறையும் 30 லீற்றர் செலுத்த வேண்டும். நிலத்திலிருந்து அரை மீற்றர் ஆழத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். மொத்தம் ஏறக்குறைய 3,100 லீற்றர் போகும். அதில் 40 வீதம், அதாவது 1,250 லீற்றர், சிலிக்கேட்டு. இரண்டு கலன் வாங்கினால் போதும் என்று யாராவது சொன்னால் அவர் கணக்குப் போடவில்லை.

ஒரு கலவை 30 லீற்றர்: சிலிக்கேட்டு 12, உறைவிப்பான் ஒன்றரை முதல் இரண்டு, மிச்சம் நல்ல தண்ணீர். உவர் நீர் கலந்தால் வாளியிலேயே திரளும். தண்ணீரில் பாதியைச் சிலிக்கேட்டுடனும் மறுபாதியை உறைவிப்பானுடனும் தனித்தனியே கலக்கி, இரண்டாவதை முதலாவதில் துலாவிக்கொண்டே மெல்ல ஊற்றுங்கள். முதலில் ஒரு கோப்பையில் பரீட்சித்து நேரம் பாருங்கள். உறைவிப்பானுடன் வரும் தாளில் 20 பாகைக்கு 40 நிமிடம் என்று போட்டிருந்தால், இங்கத்தைய 30 பாகையில் பாதி நேரத்திலேயே உறைந்துவிடும். 20 முதல் 30 நிமிடம் வசதியானது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்; சிலிக்கேட்டு கடுமையான காரம்.

அழுத்தம் மீற்றர் ஆழத்துக்கு 0.2 பார், நிமிடத்துக்கு 5 லீற்றர் அளவில். அதற்கு மேல் தள்ளினால் மணல் பிளந்து கரைசல் ஒரே வெடிப்பால் ஓடிவிடும், மதிலும் எழும்பலாம். மதிலில் நூல் கட்டி வைத்து அடிக்கடி பாருங்கள். ஒன்றுவிட்டொரு துளையாக முடித்து, அடுத்த நாள் இடையிலுள்ளவற்றைச் செலுத்துங்கள். அவை குறைவாக ஏற்று, அழுத்தமானி சட்டென ஏறினால் வேலை சரி.

பெரும்பாலானோர் கெடுப்பது இங்கேதான்: குழியில் தண்ணீர் இறைத்துக்கொண்டே செலுத்துகிறார்கள். ஓடும் நீரில் கரைசல் நீர்த்து, உறையுமுன் குழிக்குள் வந்துவிடும். செலுத்தும்போதும் பிறகு 24 மணி நேரமும் குழி மோட்டரும் கிணற்று மோட்டரும் நிற்க வேண்டும். கிணற்று நீரைப் பரிசோதித்துக் காரத்தன்மை பழைய அளவுக்கு வந்த பிறகே குடியுங்கள்.

உறைந்த மணல் தாங்குசுவர் அல்ல. 1.5 மீற்றர் துண்டுகளாக வெட்டி, பலகையும் முட்டும் கொடுங்கள். இறைக்கும் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து வையுங்கள். அடியில் மணல் தங்கினால் மோட்டரை நிறுத்துங்கள், அது மதில் அத்திவாரத்தின் அடியிலிருந்து வரும் மணலாக இருக்கலாம். கூழ் காய்ந்தும் நனைந்தும் மாறினால் சுருங்கி வெடிக்கும், ஆகையால் சில வாரங்களுக்குள் கொங்கிரீட் முடிய வேண்டும். நீர்மட்டம் மிகத் தாழும் ஓகஸ்ட், செப்டெம்பரில் வெட்டுவதே புத்தி.

இன்னொன்று: 2.2 மீற்றர் எதற்கு? ஆழத்தை 1.5 ஆக்கி, மதிலுக்கு எதிர்ப்பக்கம் அகலத்தைக் கூட்டினால் குழாயை 2.2 மீற்றர் இறக்கினால் போதும், கரைசலில் மூன்றில் ஒன்று மிச்சம். எந்த ஆழமானாலும் மாரியில் தொட்டியை வெறுமையாக விடாதீர்கள்; நிலத்தடி நீர் ஏறினால் தொட்டி மிதந்து கிளம்பும்.